பச்சைக் கொப்பு வைத்த குவியல்

இன்று காலை என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சருகுக் குவியலைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரமாகக் கூட்டிக் கூட்டி மூலையில் சேர்த்திருக்கிறார். விடியற்காலைப் பனியில் அதன் உச்சியிலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மக்குகிற சருகு உள்ளுக்குள் சூடாகும் என்பது எனக்குத் தெரியாதா? இருந்தும் பல் துலக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது.

“ஏனுங்க்கா, அங்க என்னத்தப் பாக்கறீங்க?” என்றாள் அவர் மனைவி.

“இது ஆரு குவிச்சதுங்க?”

“எங்க ஊட்டுக்காரருதான்.”

“அவரு குவிச்சத நீங்க கண்ணால பாத்தீங்களா?”

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்தால் நினைக்கட்டும். நீ பக்கத்தில் இருந்திருந்தால் நீயும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாய்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குள் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு அந்தக் குவியலிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வாய் வரும்.

ஓவேலி மலையில் நம் தேயிலை எஸ்டேட்டுக்கு நீ வந்து இறங்கியபோது உன்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. சிலோன்காரி என்றார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இடுப்பில் பாப்பா, அவ்வளவுதான் உன் சொத்து. புருஷன் அங்கேயே இறந்துபோனான் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாய். எனக்கு அடுத்த வீட்டைக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வரிசை வீடுகளை நாங்கள் பாடி என்றால் நீ லயம் என்பாய். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதை நாங்கள் மஸ்டர் என்றால் நீ பெரட்டு என்பாய். எத்தனை கேலி செய்தும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் பேச்சிலிருந்து நீ எடுத்துக்கொண்டது ‘புள்ள’ என்கிற ஒரு சொல்லைத்தான். என்னை அப்படித்தான் கூப்பிட்டாய்.

பாப்பாவுக்கு ஐந்து வயது ஆனபோது உனக்கு இருமல் வந்தது. மழைக்கால இருமல் என்றாய். மழை போயும் இருமல் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் கொழுந்துக் கூடையின் ஓரத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உன்னைத் தரதரவென்று எஸ்டேட் டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் என்னையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

“சளியில கிருமி இருக்கும்மா. கோயமுத்தூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். மாசக்கணக்குல அங்கயே இருக்கணும். முக்கியமா, கொழந்தையப் பக்கத்துல போட்டுப் படுக்காதே. அந்தச் சின்ன ரூம்ல ரெண்டு பேரும் இருந்தா அதுக்கும் வந்துரும்.”

“எம் புள்ளய விட்டுட்டு நா எங்கயும் போகமாட்டேங்க ஐயா” என்றாய் நீ.

திரும்பி வரும் வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “பாப்பாவ எங்கூட்டுல உட்டுப்போட்டுப் போ புள்ள. நான் பாத்துக்கறேன்” என்றேன். நீ நின்றாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

“ஒனக்குப் புள்ள இல்ல. அதுக்குத்தான எம் புள்ள மேல கண்ணு?”

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அதோடு நம் பேச்சு நின்றது. டாக்டர் லீவு எழுதிக் கொடுத்தும் நீ பெரட்டுக்கு வந்து நின்றாய். மாத்திரையைத் தின்றால் வாந்தி வருகிறது என்று பாதி நாள் தின்பதில்லை என்பதைக்கூடப் பாப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அது சித்திரை மாதம். எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு மேலே, சோலை தொடங்குகிற இடத்தில், ஓடையோரம் ஒரு மூங்கில் புதர் உண்டல்லவா? கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு சாயங்காலம் நாமெல்லாம் அங்கேதான் சருகு பொறுக்குவோம். எனக்கு மாட்டுத் தொழுவத்தில் போட, உனக்கு ஆட்டுக்குப் பரப்ப. ஒரே நடையில் சுமக்க முடியாவிட்டால் குவித்து, உச்சியில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து வைத்துவிட்டு வருவோம். கொப்பு வைத்தால் அதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். புருஷனைக் கை நீட்டி அடிக்கிறவள்கூட நம் பாடியில் இருந்தாள், ஆனால் அவளும் அடுத்தவள் கொப்பைத் தொட்டதில்லை.

அந்த மூங்கிலடியில் ஒரு குவியல் இருந்தது. முதலில் கணுக்கால் உயரம்தான். உச்சியில் பச்சை மூங்கில் கொப்பு. நீ வைத்தது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் நம் இருவரையும் தவிர அவ்வளவு தூரம் ஏறுகிறவர்கள் யாரும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முழங்கால் உயரம். சுற்றிலும் தரை துடைத்து எடுத்தாற்போல் இருந்தது, ஓர் இலை இல்லை. சீமாறு இழுத்த கோடு எதுவும் மண்ணில் இல்லாமல், வளைந்து வளைந்து பட்டையாக ஒரே தடம் மட்டும் இருந்தது. சாக்கை இழுத்திருப்பாய் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நோயை வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமாகக் கூட்டுகிறாளே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

பிறகு ஒருநாள் நீ பாதிச் சாக்கோடு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிப் போவதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பேச்சு இல்லாவிட்டால் என்ன, உன் குவியலில் கொஞ்சம் சேர்த்துவிட்டால் உனக்கு ஒரு நடை மிச்சம் என்று, நான் கட்டிய சருகு முழுவதையும் அதன்மேல் கொட்டிவிட்டு வந்தேன். கொட்டியதில் பழைய கொப்பு மூடிப்போனது.

மறுநாள் என் சருகு உள்ளே இழுக்கப்பட்டு, அமுக்கிவிட்டதுபோல் இறுகியிருந்தது. உச்சியில் மறுபடி ஒரு பச்சைக் கொப்பு. நீ வாங்கிக்கொண்டாய் என்று எனக்குப் பரம சந்தோஷம். இன்னும் இரண்டு தடவை கொட்டினேன்.

அந்த வருஷம் எட்டாம் நம்பரில் சாரைப்பாம்பே கண்ணில் படவில்லை. வழக்கமாகக் குச்சியால் செடியைத் தட்டினால் ஒன்றாவது சரசரவென்று ஓடும். எலி பிடிக்க வருகிற சாரை எல்லாம் எங்கே போயின என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

வைகாசி நடுவில் நீதான் முதலில் பேசினாய். அடுத்தடுத்த வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமல், “நா போட்ட சருகு பத்துச்சா?” என்றாய்.

“நீ போட்ட சருகா?”

“மூங்கிலடியில ஒன் குமியிலதான். நானும் ரெண்டு சாக்கு கொட்டுனேன். பேசாட்டியும் மனசு கேக்கலடி.”

“அது எங்குமி இல்லியே. உன்னுதுன்னு நானல்லோ மூணு தடவ கொட்டிப்போட்டு வந்தேன்!”

உன் கை கொழுந்தின் மேலேயே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோனது.

“அப்ப கொப்பு வெச்சது ஆரு?” என்றேன்.

காடு முழுக்கக் கேட்டுப் பார்த்தோம். ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. யாராவது போய்விட்டு மறைத்திருக்கலாம். ஆனால் உனக்கும் எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்து நிறுத்ததும் இருவரும் ஏறினோம்.

வெளிச்சம் நன்றாகவே இருந்தது, கீழே ஃபாக்டரிக் கூரைகூடத் தெரிந்தது. குவியல் இப்போது இடுப்பளவு இருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்ததால் உச்சியில் ஆவி தெரிந்தது. எப்போதும் அந்த மூங்கிலில் கத்துகிற குருவிகள் அன்று கத்தவில்லை. பத்தடி தூரத்தில் நின்று உச்சியில் இருந்த கொப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொப்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. காற்று இல்லை.

பிறகு சருகுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. அவசரமே இல்லாமல், நிறுத்தாமல் எழுந்துகொண்டே இருந்தது. குவியலின் உயரமும் சேர்ந்து, அதன் முகம் நம் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கழுத்து மஞ்சளாக வெளுத்திருந்தது. நல்லபாம்பின் அகலப் படம் இல்லை, ஒடுங்கின படம். அது சீறவில்லை. அடித்தொண்டையில் உறுமியது, நாய் உறுமுவதைப்போல.

“பூச்சி” என்று உதட்டை மட்டும் அசைத்தாய். காட்டில் நின்று அதன் பேரைச் சொல்ல நம் யாருக்கும் வாய் வராது.

அந்த நேரம் பார்த்து உனக்கு இருமல் வந்தது. உன் மார்பு தூக்கிப் போடுவதை நான் பார்த்தேன். முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாய். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உன் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் கை, நீ குலுங்குகிற குலுக்கலில் சேர்ந்து குலுங்கியது. அது என்னைப் பார்க்கவில்லை. உன்னையே பார்த்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நீ எச்சிலோடு ரத்தத்தை விழுங்கியது மட்டும் தெரியும். மெதுவாக அதன் தலை ஒரு சாண் இறங்கியது. நாம் முதுகைக் காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினோம்.

நான் மூன்று தடவை, நீ இரண்டு தடவை. ஐந்து தடவை அதன் வீட்டின்மேல் கை நீட்டிச் சருகு கொட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

மேஸ்திரி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்றார். பாரஸ்ட் வாட்சர்தான் தடுத்தார். தேவர்சோலைப் பக்கத்துக்காரர், பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார். “தொடண்டா. அது ராஜவெம்பாலா, நீங்க சொல்ற ராஜநாகம். முட்டை இட்டு மேலெ கிடக்குது. பாம்புகள்லெ கூடு கெட்டுறது அது மாத்திரம்தான். உடம்பால வளைச்சு வளைச்சு இலையை இழுத்துக் கூட்டும், பச்சைக் கொப்பும் சேந்து வரும்” என்றார். நாம் கொட்டிய கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. “அன்னைக்கு அது உள்ளெ கிடந்திருக்கும். இல்லெங்கில் பக்கத்தில நின்னு உங்களைப் பாத்திட்டு இருந்திருக்கும்” என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பல நாள் தூக்கம் போனது அந்த இரண்டாவது வரியால்தான்.

நீ கேட்டாய், “எத்தன நாளைக்கு அங்கயே கெடக்கும்?”

“ரெண்டு ரெண்டரை மாசம். இரை தேடிப் போகாது. மழை அடிச்சாலும் நனைஞ்சிட்டே கிடக்கும், முட்டை நனையாது. குஞ்சு வர்ற சமயம் பாத்து எழுந்து போயிரும்.”

“பொரிக்கிறதுக்கு முன்னாடியேவா? குஞ்சு மொகத்தப் பாக்காமயா?”

“பாத்தா முடிஞ்சது. பாம்பு தின்னுற பாம்பல்லே அது? ரெண்டு மாசப் பட்டினி. முன்னால நெளியுறது சொந்தக் குஞ்சுன்னு அதுக்குத் தெரியுமோ, வயித்துக்குத் தெரியுமோ?”



எட்டாம் நம்பரில் மேல்பாதிக்கு ஆளை அனுப்பவில்லை. நீ மட்டும் தினமும் போனாய். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாறையில், சாக்கைக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஆனி மழை கொட்டும். எதிரே அது சருகின்மேல் சுருண்டு நனைந்துகொண்டு கிடக்கும். உன்னைக் கூட்டிவர வந்து நான் பின்னால் நின்றால்கூட உனக்குத் தெரியாது. நாளாக நாளாக அதன் தோல் மடிந்து, முதுகெலும்பு வரி தெரிந்தது. உன் கழுத்தெலும்பும்தான்.

‘அது’ என்பதை விட்டு ‘அவ’ என்று சொல்லத் தொடங்கினாய். “அவ இன்னிக்குத் தலையே தூக்கல புள்ள” என்பாய். ஒருநாள் கொழுந்து எடுக்கும்போது என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னாய், “ராத்திரியில அவ இருமுறா. ஒனக்குக் கேக்குதா?”

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது உன் இருமல்தான். அதை உன்னிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பாம்பைவிட அப்போது உன்னைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். ஒருநாள் பாப்பாவும் லேசாக இருமினாள். வெறும் சளிதான், டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் நீ அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு, சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். நீ நடுப்பகலில் மலையிலிருந்து இறங்கி நேராக என் வாசலுக்கு வந்தாய். தலையெல்லாம் நனைந்திருந்தது.

“அவ போயிட்டா” என்றாய்.

சாயங்காலம் பாப்பாவின் துணி மூட்டை, தலையணை, தட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து என் வாசற்படியில் வைத்தாய். உள்ளே வரவில்லை. “இருமுனா ஒடனே டாக்டர்ட்ட காட்டு” என்றாய். நான் கையைப் பிடிக்க வந்தபோது பின்னால் நகர்ந்துகொண்டாய். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினாய். பாப்பா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, “அம்மா, அம்மா” என்று கத்தினாள். பஸ் கிளம்புகிறவரை நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பாடியில் அதற்கும் பேசினார்கள், கல்நெஞ்சக்காரி என்று. நான் அவர்களோடு சண்டை போட்டேன். ஊரோடு சண்டை போடுவதில் நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

ஒரு வாரம் கழித்து நான் தனியாக உன் பாறைக்குப் போனேன். உனக்காகப் பார்த்து வைக்கவேண்டும் என்று தோன்றியது. குவியலின் உச்சி காலியாக இருந்தது. சருகு அங்கங்கே அசைந்தது. விரல் தடிமனில், கறுப்பாக, வெள்ளைப் பட்டை போட்ட குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முட்டையிலிருந்து வந்த ஈரம் காயவில்லை, அதற்குள் ஒன்று என் பக்கம் திரும்பிப் படம் எடுத்தது. பிறந்த அன்றே கடித்தால் ஆள் செத்துப்போகும் என்று வாட்சர் சொல்லியிருந்தார். இருபதுக்கு மேல் இருக்கும். ஒன்று வந்த வழியில் இன்னொன்று போகவில்லை. மழையில் ஆளுக்கொரு பக்கமாகப் புல்லுக்குள் போய்விட்டன. நான் ஓட்டமாக ஓடி வந்தேன்.

உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது ஒரே ஒரு தடவை. ஐப்பசியில். இரும்புக் கட்டிலில் நீ இருந்த இடம் தெரியவில்லை, போர்வைதான் தெரிந்தது. பாப்பாவைப் பற்றிக் கேட்பாய் என்று பார்த்தால், “குஞ்சு பொரிச்சிச்சா?” என்றாய்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

“ஒண்ணுகூட அவளத் தேடலியா?”

“ஒண்ணுகூட இல்ல புள்ள.”

உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு கேட்டாய், “பாப்பா?”

“தெனமும் உன்னையக் கேக்கறா. அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்னு ஒரே அழுகை” என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். பாசத்தில் கலங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு உன் காலைப் பிடித்துவிட்டேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று என்னை அனுப்பினாள். அந்த மாதம் முடிவதற்குள் தந்தி வந்தது.

நான் சொன்னது பொய். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். உன் பிள்ளைமேல் கண் என்று நீ சொன்னாயே, அது உண்மையாகிவிட்டது என்று நீ தெரிந்துகொள்வாயோ என்று பயந்தேன். நீ எதைக் கேட்பதற்காக அந்தக் கட்டிலில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நீ கேட்க ஆசைப்பட்ட சேதி என் வாயிலேயே இருந்தது.

பாப்பா இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளுக்கே இரண்டு பிள்ளைகள். உன் நோய் அவளைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் நான் உன்னை நினைத்துக்கொண்டுதான் ‘என்ன கண்ணு’ என்கிறேன்.

உண்மை இதுதான். நீ பஸ் ஏறிய அன்று அழுதாள். அதற்கு அடுத்த மூன்று நாளும் அழுதாள். ஐந்தாம் நாள் காலை எழுந்து, என் மாட்டுக்குப் பேர் என்ன என்று கேட்டாள். அதன் பிறகு அவள் உன்னைத் தேடவில்லை, புள்ள.